வகுப்பு பதில் சொல்ல வேண்டும்

ஜூன் 5, திங்கள்

பெனாசிர் சொன்னதால் எழுதத் தொடங்குகிறேன். அவர் பேச்சுப் பயிற்சியாளர். செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வருகிறார். "டீச்சர் என்ன சத்தம் போட்டாங்க, எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் எழுதி வைங்க சார். ரிப்போர்ட்டருக்கு நான் சொல்லணுமா" என்றார்.

தகவல்கள்: என் மனைவி செண்பகவல்லி, வயது 61. நடுநிலைப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியை. ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. ஏப்ரல் 19 காலை எட்டு மணிக்குச் சமையலறையில் விழுந்தாள். மூளையில் இரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் காலும் வலுவிழந்தன. பேச்சு முழுவதும் போய்விட்டது. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது.

நான் திரவியம், வயது 63. தமிழ் நாளிதழ் ஒன்றின் கோவில்பட்டி நிருபராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன்.

இன்று: ஒலி எதுவும் இல்லை.

ஜூன் 6, செவ்வாய்

இருமுறை துணி மாற்றினோம். காலையில் உதவிக்கு வரும் முத்துமாரி தூக்கும்போது நான் தோளைப் பிடிக்க வேண்டும். "அண்ணாச்சி, பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்காதீக, மனுஷியப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றாள். முதுகு வலிக்கிறது.

பெனாசிர் ஒரு கேள்வி கேட்டார். செண்பகம் வாழ்நாளில் திரும்பத் திரும்பச் சொன்னது எது? பாட்டோ, மந்திரமோ, யோசிக்காமலே வாயில் வருகிற ஏதோ ஒன்று. சிலருக்குப் பேச்சு போனாலும் அது மட்டும் உள்ளே பத்திரமாக இருக்குமாம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மீட்கலாமாம்.

எனக்குத் தெரியவில்லை. ஓசூரில் இருக்கும் மகள் சுகந்தியைக் கூப்பிட்டேன்.

"வெர்ப் டேபிள்ப்பா. வாக், வாக்டு, வாக்டு. ஏழாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு முப்பது வருஷமா அதானே சொல்லிக் கொடுத்தா. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"கிளாஸ்ல எப்படிச் சொல்லிக்கொடுப்பா?"

"எனக்கென்ன தெரியும்? என்னையத்தான் கான்வென்ட்ல போட்டீங்களே. அம்மா ஸ்கூல் வாசலைக்கூட நான் மிதிச்சதில்ல."

நான் மிதித்திருக்கிறேன். இருமுறை. ஒருமுறை சத்துணவில் பல்லி விழுந்த செய்திக்கு. மற்றொரு முறை அமைச்சர் வந்தபோது.

ஜூன் 7, புதன்

பரணில் தேடி அட்டவணையை எடுத்தேன். பெரிய சார்ட் காகிதம், மடிப்பில் கிழிந்திருந்தது. இருபத்து நான்கு ஆங்கில வினைச்சொற்கள். நிகழ்காலம் நீலத்தில், இறந்தகாலம் சிவப்பில், மூன்றாம் வடிவம் பச்சையில். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலவே முடிகின்றன. ஒழுங்கான வினைகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அடியில் மூன்று சொற்கள்: டுடே, யெஸ்டர்டே, டுமாரோ.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். இடது கையை நீட்டினாள். வலது பக்க மூலை சரிந்திருந்தது. சரிசெய்தேன்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து வரும் ஆங்கிலக் குறிப்புகளை மாலையில் அவள்தான் படித்துப் பொருள் சொல்வாள். பாதி சொல்லும்போதே நான் எழுத ஆரம்பித்துவிடுவேன். மீதி என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 9, வெள்ளி

பெனாசிரிடம் திட்டு வாங்கினேன். பயிற்சியின்போது செண்பகம் வாயைத் திறந்தாள், "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"சார், அவங்க தொடங்குறாங்க, நீங்க முடிச்சு வைக்கிறீங்க. அப்புறம் அவங்க எதுக்குப் பேசணும்?"

தொழில் பழக்கம் என்றேன். எங்கள் வேலையில் எதிரில் இருப்பவர் பாதி சொன்னால் போதும். மீதியை நாமே சரியான வாக்கியமாக்கிப் போட்டுவிடுவோம். ஒருவர்கூட மறுப்பு அனுப்பியதில்லை.

"வீட்டுல யாரு மறுப்பு அனுப்புவா?" என்றார் பெனாசிர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விதி: அவள் ஏதாவது சொன்னால் நான் வாய் திறக்கக் கூடாது. மனத்துக்குள் முப்பது எண்ண வேண்டும். தினமும் காலை பத்தரைக்குப் பயிற்சி.

ஜூன் 13, செவ்வாய்

காலை 10.40. செண்பகம் அட்டவணையைப் பார்த்து "வாக்" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். முத்துமாரி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். நான் அசையவில்லை. முப்பது எண்ணினேன். செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல் வரவில்லை.

பெனாசிருக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல் படி சார். அடுத்தது தானா வரும்" என்றார்.

ஜூன் 14, புதன்

"வாக்." முப்பது எண்ணினேன். அவ்வளவுதான்.

ஜூன் 15, வியாழன்

"வாக்." அறுபது வரை எண்ணினேன்.

ஜூன் 19, திங்கள்

இன்று மூன்று முறை "வாக்" என்றாள். மூன்றாம் முறை கொஞ்சம் உரக்க. பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சியும் குடிக்கவில்லை.

ஆனிக் காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்துத் தெருவில் கிடந்தது. போய் எடுத்து வந்தேன்.

மாலையில் சுகந்தி கூப்பிட்டாள். அவள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் பயிற்சி மையம் இருக்கிறதாம். ஜூலை கடைசி வரை பார்ப்பாளாம். முன்னேற்றம் இல்லையென்றால் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

"உங்களால முடியாதுப்பா. உங்க குரலே சொல்லுது."

செண்பகத்துக்கு இந்த வீடுதான் பழக்கம் என்றேன். அடுப்பு எங்கே, அரிசி எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு எதுவும் கைக்கு அகப்படாது. இதைச் சுகந்தியிடம் சொல்லவில்லை.

போனை வைக்கும்போது கேட்டாள்: "அன்னைக்கு எட்டு மணின்னு சொன்னீங்க. டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஏழு அம்பதுன்னு இருக்கே?"

பதற்றத்தில் ஏதோ சொல்லியிருப்பேன் என்றேன்.

ஜூன் 23, வெள்ளி

"வாக்." அடுத்த சொல் இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

பெனாசிருக்கும் சோர்வு வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. "ஒரே வார்த்தையில நின்னா அது சில சமயம் அங்கேயே நின்னுடும் சார்" என்றார். இரண்டாவது வடிவத்தை அவளோடு சேர்ந்து சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அவசரப்படாதீங்க. முடிச்சு வைக்கிற பழக்கம் திரும்ப வந்துரும். இன்னும் ஒரு வாரம் காத்திருங்க."

காத்திருக்கிறேன். விதியை நான் மீறியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 1, சனி

சொல் இல்லை. ஐந்து நாட்களாக "வாக்" கூட இல்லை. பயிற்சி நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஜூலை 4, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மழை காரணமாகப் பேருந்து ஓடவில்லை, இன்று வர முடியாது என்று பெனாசிரிடமிருந்து செய்தி. பத்தரைக்கு நான் மட்டும் அமர்ந்தேன். செண்பகம் கண்ணைத் திறந்தாள். 10.45-க்கு, பல நாட்களுக்குப் பிறகு, "வாக்" என்றாள்.

நான் எண்ணத் தொடங்கினேன். எட்டோ ஒன்பதோ எண்ணியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் குரல் ராகத்தோடு சொன்னது: "வாக்டு, வாக்டு, வாக்கிங்."

செண்பகத்தின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. "டாக்" என்றாள்.

"டாக்டு, டாக்டு, டாக்கிங்."

"வாஷ்."

"வாஷ்டு, வாஷ்டு, வாஷிங்."

நான் எழுந்து ஓடினேன். மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வந்தவர். எங்கள் மீட்டர் ஜன்னலை ஒட்டிய சுவரில் இருக்கிறது. நாற்பது வயதிருக்கும், பெரிய மீசை. கையிலிருந்த கருவியைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார்.

"மன்னிக்கணும் சார். உள்ள யாரோ சொல்லவும் வாயில தானா வந்துருச்சு. எங்க டீச்சர் ஞாபகம்."

"எந்த டீச்சர்?"

"செண்பகவல்லி டீச்சர்."

உள்ளே அழைத்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர், கட்டிலைப் பார்த்ததும் கருவியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். "வேல்ராஜ், டீச்சர். ஏழு பி. கடைசி பெஞ்சு."

செண்பகம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "குக்" என்றாள்.

"குக்டு, குக்டு, குக்கிங்."

இருபத்து நான்கில் பதினெட்டு முடிந்தது. பிறகு தளர்ந்துவிட்டாள். கண்ணோரம் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. வலது பக்கம் சிரிப்பு ஏறவில்லை.

வெளியே வந்ததும் வேல்ராஜிடம் விசாரித்தேன். டீச்சர் முதல் சொல்லை மட்டும்தான் சொல்வாராம். மீதி மூன்றும் வகுப்புதான் சொல்ல வேண்டும். வகுப்பு சொல்லாவிட்டால் டீச்சர் அப்படியே நிற்பாராம்.

"பெல் அடிச்சாலும் விட மாட்டாங்க சார். கிளாஸ் பதில் சொன்னாத்தான் அடுத்த வார்த்தை. முப்பது வருஷத்துல அவங்க வாயால 'வாக்டு'ன்னு சொல்லி நாங்க யாரும் கேட்டிருக்க மாட்டோம்."

ஜூன் 13 முதல் ஜூலை 4 வரை இருபத்திரண்டு நாட்கள். அவள் கேட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வேல்ராஜ் சொன்னார்: "நீங்க சொல்லுங்க சார். ஆனா எந்திரிச்சு நின்னு சொல்லணும். உக்காந்து சொன்னா டீச்சர் காதுல விழாது."

ஜூலை 5, புதன்

நின்றுகொண்டு சொன்னேன். பதினொரு சொற்கள். நான்கில் என் உச்சரிப்புத் தவறு. தவறினால் அடுத்ததற்குப் போகவில்லை. திரும்பச் சொன்ன பிறகே போனாள்.

ஜூலை 7, வெள்ளி

பெனாசிர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் உங்களைக் காத்திருக்கச் சொன்னேன். அவங்க உங்களுக்காகக் காத்திருந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல."

தவறு தன்னுடையது என்றார். இல்லை என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

இருபத்து நான்கும் முடிந்தது. அதற்குப் பின் 11.20-க்கு, தமிழில், "போதும்" என்றாள்.

முத்துமாரி, "வகுப்பு முடிஞ்சுதா டீச்சர்? அண்ணாச்சி பாஸா?" என்று கேட்டாள். செண்பகம் இடது கையைக் குறுக்காக ஆட்டினாள். முத்துமாரி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜூலை 14, வெள்ளி

புதிய சொற்கள்: தண்ணி, ஃபேன், வேணாம், மாரி. முத்துமாரியைத்தான் மாரி என்கிறாள். என்னை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

நேற்று ஆடி பிறந்தது. குழாயில் எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. இருபத்தாறு குடம் பிடித்தேன்.

அட்டவணையின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டோம். அவள் வினையைச் சொல்வாள், பிறகு காலத்தைச் சொல்வாள். வகுப்பு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வாக், டுடே: ஐ வாக். யெஸ்டர்டே: ஐ வாக்டு. டுமாரோ: ஐ வில் வாக். வேல்ராஜ் ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசிச் சொல் "வெயிட்". காத்திரு என்று பொருள்.

"யெஸ்டர்டே" என்றாள்.

"ஐ வெயிட்டட்" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். உச்சரிப்புத் தவறு என்று நினைத்துத் திரும்பச் சொன்னேன். மறுபடியும் ஆட்டினாள். மூன்றாம் முறை சொன்னபோது இடது கையைத் தன் நெஞ்சில் வைத்து இருமுறை தட்டினாள்.

அந்தச் சொல்லை நாளைக்குப் பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டேன்.

ஜூலை 19, புதன்

எனக்கு உடல்நிலை சரியில்லை என்று சொல்லி வகுப்பைத் தவிர்த்தேன்.

ஜூலை 20, வியாழன்

பதிவுக்காக.

ஏப்ரல் 19. காலை 7.20-க்குச் சமையலறையிலிருந்து "என்னங்க" என்றாள். நான் முன்னறையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற மற்றொரு நிருபர். என்ன விஷயம் பேசினோம் என்பது நினைவில்லை. காப்பி ஆறுகிறது என்று சொல்லப்போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "வர்றேன்" என்றேன். இன்னொரு முறை "என்னங்க" என்றாள், குரல் குழறலாக. "வர்றேன்னு சொல்றேன்ல" என்றேன். போனபோது மணி எட்டு. தரையில் கிடந்தாள், கண் திறந்திருந்தது. வாசலைப் பார்த்தபடி.

நாற்பது நிமிடம்.

மருத்துவரிடம் ஏழு ஐம்பது என்றேன். சுகந்தியிடம் எட்டு என்றேன். சரியான நேரத்தை இந்த நோட்டில்தான் முதலில் எழுதுகிறேன்.

ஜூலை 21, வெள்ளி

வகுப்பில் "வெயிட்" வந்தது. "யெஸ்டர்டே" என்றாள்.

எழுந்து நின்று "யூ வெயிட்டட்" என்றேன்.

இம்முறை தலையை ஆட்டவில்லை. "போதும்" என்றாள்.

ஜூலை 28, வெள்ளி

பெனாசிரின் மதிப்பீடு: முப்பத்தாறு சொற்கள். இரண்டு சொல் சேர்த்துச் சொல்கிறாள். ஆம், இல்லை குழப்பமில்லை. கைத்தடியுடன் ஆறு அடி நடக்கிறாள்.

இந்தத் தாளைச் சுகந்திக்கு அனுப்பினேன். முன்னேற்றம் இருக்கிறது. எனவே இங்கேயே இருக்கலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

"அந்த வரி பெனாசிர் எழுதினதா, நீங்க எழுதினதா?" என்று பதில் வந்தது.

ஜூலை 30, ஞாயிறு

சுகந்தி காலையில் வந்தாள். ஏழு இருபது பற்றி அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "இதை நீங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத்தான் தெரியுமே என்றேன். "தெரியுறது வேற, சொல்றது வேறப்பா."

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கட்டில் அருகே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க இருக்கியா, என்கூட வர்றியா? நீதான் சொல்லணும்."

ஆடி மாதத்தில் இடம் மாறுவார்களா என்றேன். முத்துமாரி பாத்திரத்தோடு நின்றவள், "இந்த வீட்டுல ஆடி பார்த்து நான் பார்த்ததே இல்லையே அண்ணாச்சி" என்றாள்.

செண்பகம் வாயைத் திறந்தாள். "சுகந்தி" என்றாள். நெடுநேரம் கழித்து, "வீடு" என்றாள்.

"சுகந்தி, இதுதான் என் வீடுன்னு சொல்றா" என்றேன்.

செண்பகம் இடது உள்ளங்கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தாள். தண்ணீர்த் தம்ளர் உருண்டது. யாரும் எடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் எண்ணவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

"சுகந்தி வீடு" என்றாள். பிறகு, "போறேன்."

அவள் சொன்னது இவ்வளவுதான். இதில் நான் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஜூலை 31, திங்கள்

மருந்துகளைப் பெட்டியில் வைத்தேன். வேளை வாரியாக எழுதி ஒட்டினேன்.

பிற்பகலில் அவள் மட்டும் இருந்தபோது போய் நின்றேன். ஏப்ரல் 19 அன்று ஏழு இருபதுக்கு நீ கூப்பிட்டாய், நான் எட்டு மணிக்குத்தான் வந்தேன் என்றேன்.

"ஆமா" என்றாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "ஃபேன்" என்றாள். போட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினார்கள். அட்டவணையைச் சுருட்டிக் கொடுத்தேன். சுகந்தி வாங்கிக்கொண்டாள். செண்பகம் வேண்டாம் என்று தலையசைத்து வீட்டைக் காட்டினாள். திரும்பச் சுவரில் ஒட்டினேன்.

முத்துமாரி பத்து மணிக்கு வந்து, இனி வேலை இல்லையே என்றாள். வந்து போ என்றேன். அரிசி டப்பா எங்கே என்று கேட்டேன். காட்டினாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

எழுத எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையில் சோறு குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். துணி துவைத்தேன். காற்று குறைந்திருக்கிறது.

10.30-க்கு போன் அடித்தது. சுகந்தி. "அப்பா, அம்மா மூணு நாளா பத்தரைக்கு என்னைப் பார்த்து 'வாக்'குங்கிறா. நான் பதில் சொன்னா இல்லைன்னு தலைய ஆட்டுறா. இன்னைக்குப் போனைக் காட்டிட்டா. இருங்க, குடுக்குறேன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னணியில் ஏதோ குக்கர் விசில்.

"வாக்" என்றாள்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். சுவரில் அட்டவணை இருந்தது, ஆனால் பார்க்கத் தேவைப்படவில்லை. இருபத்து நான்கும் சொல்லி முடித்தோம். ஒன்றிரண்டு இடங்களில் திருத்தினாள். பிறகு காலங்கள். கடைசியில் அந்தச் சொல் வந்தது.

"வெயிட்" என்றாள். "யெஸ்டர்டே."

"யூ வெயிட்டட்."

"டுமாரோ."

அவள் அவசரப்படுத்தவில்லை. வகுப்பு பதில் சொல்லும்வரை அவள் அங்கேயே நிற்பாள் என்று தெரியும்.

"ஐ வில் வெயிட்" என்றேன்.

தவறென்று சொல்லவில்லை. அட்டவணை அத்தோடு முடிகிறது, அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் இன்னொரு சொல் சொன்னாள்.

"என்னங்க" என்றாள்.

நின்றுகொண்டே, "சொல்லு" என்றேன்.